கர்ணன் வேஷம் கட்டப்போகும் தம்பிக்கு

கூத்துக்கு வந்து 50 வருஷம் ஆகிறது. 14 வயதில் கோடியங்கி ஆடினேன். பிறகு பல வருஷம் பெண்வேஷம். 26 வயதில் வாத்தியார் என் தோளில் ராஜவேஷத்து மரக்கட்டையைக் கட்டிவிட்டார். முதல் கட்டை வேஷமே கர்ணன். செய்யாறு, வந்தவாசி, ஆரணிப் பக்கத்தில் கர்ண மோட்சம் பார்க்காத ஊர் குறைவு, நான் ஆடாத களமும் குறைவு. இப்போது முழங்கால் கேட்பதில்லை. வருகிற பங்குனியிலிருந்து எங்கள் ஜமாவில் கர்ணன் உனக்கு என்று முடிவாகிவிட்டது, தம்பி. அன்றைக்கு ஒத்திகை முடிந்து வரும்போது நீ கேட்டாய்: "பெரியப்பா, கர்ணன் எதனால சாவறான்? அத மட்டும் சொல்லுங்க, மத்தத நான் ஆடிக்கிறேன்." அப்போது நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். உனக்குப் பின்னால் வருகிற பிள்ளைகளுக்கும் ஆகும்.

கதை தெரிந்த எந்தப் பாட்டியைக் கேட்டாலும் விரல் மடக்கிச் சொல்லிவிடுவாள். பெற்றவள் பெட்டியில் வைத்து ஆற்றில் விட்டாள். பரசுராமர், கற்ற வித்தை சமயத்தில் மறந்துபோகச் சபித்தார். பசுவை இழந்த பிராமணன், தேர்ச்சக்கரம் மண்ணில் புதையச் சபித்தான். இந்திரன் கவச குண்டலத்தை வாங்கிப் போனான். குந்தி இரண்டு வரம் வாங்கினாள்: நாகாஸ்திரத்தை ஒருமுறைக்கு மேல் விடக் கூடாது, அர்ச்சுனனைத் தவிர மற்ற நால்வரைக் கொல்லக் கூடாது. சல்லியன் தேரோட்ட வந்து வாயால் குத்தினான். கிருஷ்ணன் தேரை அழுத்தினான். கணக்கு சரிதான். நானும் இந்தக் கணக்கை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் முதல்முறை களத்தில் இறங்கினேன். அங்கேதான் தவறினேன்.

அந்தக் காலத்தில் என் மனசு முழுக்க 1964இல் வந்த 'கர்ணன்' படம். டெண்டுக் கொட்டாயில் எத்தனை தடவை பார்த்தேன் என்று எண்ணவில்லை. சிவாஜி கணேசனின் பார்வையையும் பெருமூச்சையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். திரை பிடித்தார்கள். திரைவிருத்தம் பாடி முடித்து, கிரீடம் தெரிய எழுந்து, சபைக்கு வந்தபோதே என் நடையில் துக்கம் ஏறியிருந்தது. இவன் விடிவதற்குள் சாகப்போகிறவன் என்று ஒவ்வோர் அடியிலும் ஊருக்குச் சொல்லிக்கொண்டு ஆடினேன். கட்டியக்காரன் கேட்ட கேள்விக்கெல்லாம் அழாக்குறையாகப் பதில் சொன்னேன். கர்ணன் மனைவி பொன்னுருவி வரும்போது சனம் பாதி படுத்துவிட்டது.

விடிந்ததும் தேங்காயெண்ணெய் வைத்து அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாத்தியார் தாளத்தைத் துணியில் சுற்றியபடியே சொன்னார்: "நீ கதயப் படிச்சிட்டு வந்து ஆடற. கர்ணன் கதயப் படிக்கலடா." அவ்வளவுதான். திட்டவில்லை. அந்த ஒரு பேச்சு புரிய எனக்கு இரண்டு பருவம் ஆனது. திரைக்குப் பின்னால் நிற்கிற கர்ணன் அங்க தேசத்து ராஜா. பதினேழாம் நாள் போருக்குச் சேனாதிபதி. நண்பனுக்கு வெற்றி வாங்கித் தரப் போகிறவன். தன் பிறப்பு அவனுக்குத் தெரியும்; எதிரே நிற்பவர்கள் தம்பிகள் என்பதும் தெரியும். அப்படியிருந்தும் அவன் ஜெயிக்கத்தான் போகிறான். வருகையில் சுழன்று ஆடும் கிறிக்கி எவ்வளவு வேகமோ, விழும்போது அவ்வளவு வலிக்கும் பார்க்கிறவனுக்கு. வரும்போதே தோளைத் தொங்கவிட்டால் விழ இடம் ஏது?

அடுத்த பருவம் நேர் எதிராகப் போனேன். வருகையிலேயே பதினைந்து, இருபது கிறிக்கி. சனம் சீட்டி அடித்தது. கல்யாண முருங்கை மரம் கனமில்லாத மரம் என்று கட்டையை நம்பாதே. புஜக்கட்டை, மார்புப் பதக்கம், கிரீடம், கண்ணாடிச் சில்லு, இடுப்பில் சுற்றிய சேலைகள், அதன் மேல் பாவாடை, இரண்டு கால் சலங்கை, எல்லாம் சேர்ந்தால் இடுப்பில் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விடியவிடிய ஆடுவதற்குச் சமம். மணி நாலுக்குத் தொண்டை கட்டியது, கால் நடுங்கியது. களத்தில் விழ வேண்டிய இடத்தில் உண்மையிலேயே விழுந்தேன். தோளில் இருந்த சில்லு உடைந்து கழுத்தில் கிழித்தது. ஊர்க்காரர்கள் தத்ரூபம் என்றார்கள். வாத்தியார் மருந்து வைத்துக் கட்டிவிட்டு, "விழறதுக்கும் தெம்பு வேணும்டா, அத எடுத்து வெச்சுக்கோ" என்றார். அன்றிலிருந்து வருகையில் ஒன்பது கிறிக்கிக்கு மேல் நான் அடித்ததில்லை. விழும்போது முதலில் வலது முழங்கால், பிறகு இடது கை பெஞ்சில், பிறகு இடுப்பு, கடைசியில் தலை. கிரீடம் தரையில் முட்டாமல் பின்பாட்டுக்காரர் ஒருவர் பின்னால் வந்து தாங்க வேண்டும். இதை அவரிடம் சாயங்காலமே சொல்லி வை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். பாட்டி சொன்ன கணக்கில் காரியம் செய்கிறவர்கள் எல்லாரும் மற்றவர்கள். கர்ணன் சும்மா நிற்கிறான். சும்மா நிற்கிறவனுக்கு அடவு கிடையாது. ஆகவே அந்தக் கணக்கை ஒவ்வொன்றாக எடுத்து, அந்த நேரத்தில் கர்ணன் என்ன செய்தான் என்று கேட்கப் பழகு. பரசுராமர் இவன் மடியில் தலை வைத்துத் தூங்குகிறார். வண்டு தொடையைத் துளைக்கிறது. குருவின் தூக்கம் கலையக் கூடாதென்று இவன் அசையவில்லை. இத்தனை வலி பொறுப்பவன் பிராமணப் பிள்ளையாக இருக்க முடியாது என்று அவர் கண்டுபிடித்துவிட்டார். பொய் சொல்லிச் சேர்ந்தது இவன் குற்றம். பொய் வெளுத்ததோ இவன் குருபக்தியால். இந்திரன் வரப்போகிறான், கொடுக்காதே என்று சூரியனே முன்கூட்டி வந்து எச்சரித்தான். தெரிந்துதான் அறுத்துக் கொடுத்தான். குந்தி கேட்டாள், எதற்குக் கேட்கிறாள் என்று தெரிந்துதான் கொடுத்தான். பறித்துக்கொண்டு போனவன் ஒருவனும் இல்லை. எல்லாம் இவன் கையால் போனது. கர்ணன் வேஷம் முழுக்க அந்தக் கையில் இருக்கிறது.

வாத்தியார் எனக்கு அந்தக் கையைக் கற்றுக்கொடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும். அவர் கை பெரிது. ஏர் பிடித்துக் காய்ந்தது. ஆனால் கர்ணனாகக் கொடுக்கும்போது அது தாமரை மாதிரி விரியும். நான் கொடுத்தால் என் கையை நானே பார்ப்பேன். "உன் கையப் பாத்தா நீ என்னவோ பெருசா குடுத்துட்ட மாதிரி இருக்கு. வாங்கறவன் மூஞ்சியப் பாரு" என்பார். ஒரு மழைக்காலம் முழுக்க அவர் வீட்டுத் திண்ணையில் இதுதான் வேலை. ஒரு பிடி நெல்லை எடுத்து எதிரே உட்கார்ந்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும். ஒரு நெல் சிந்தக் கூடாது. கை திரும்பி வரும்போது வேகம் கூடாது. வெடுக்கென்று திரும்பினால் மனசில்லாமல் கொடுத்தது போல. மெதுவாக, வெறுங்கை என்பது தெரிய, விரித்தபடியே வர வேண்டும். நானூறு, ஐந்நூறு தடவை ஆன பிறகுதான் "ம்" என்றார்.

கையைக் கற்றுக்கொண்டேன் என்று நம்பியிருந்த காலத்தில் ஒரு கிழவி என்னைத் திருத்தினாள். ஒரு திரௌபதி அம்மன் கோயில் திருவிழா. பாரதக் கூத்து வரிசையாகப் பத்து நாள். கர்ண மோட்சம் முடிந்து, சலங்கை அவிழ்த்து உட்கார்ந்திருக்கிறேன். அவள் வந்தாள். நல்லா ஆடினே ராஜா என்று சொல்லி முந்தானையிலிருந்து காசு அவிழ்த்துக் கொடுத்தாள். பிறகு சொன்னாள்: "எல்லாருக்கும் குடுத்தியே, அன்னிக்கி அந்தப் பொண்ணு சபையில நின்னு கேட்டப்ப உன் கை எங்க போச்சு?"

எனக்கு வாயடைத்துப்போனது. திரௌபதியின் துகிலுரியும் கூத்து, நாங்கள் துகில் என்போம், அன்றைக்கும் கர்ணன் வேஷம் எனக்குத்தான். அன்று கர்ணனுக்குப் பேச்சு கொஞ்சம். துச்சாதனனுக்கும் திரௌபதிக்கும்தான் ராத்திரி. சேலையைத் தொடுவதற்கு முன் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்பார்கள், களமே நடுங்கும். நான் என் நாலு வரியைச் சொல்லிவிட்டுப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, அடுத்த வாரத்துக் கர்ண மோட்சத்துக்குத் தொண்டையைச் சேமித்துக்கொண்டிருந்தேன். அந்த நாலு வரி என்ன? தோற்ற அடிமையின் மனைவியும் அடிமை என்கிற பேச்சு. அவளைப் பார்த்து ஏளனம். வியாச பாரதத்தில் வஸ்திரத்தைக் களையச் சொன்னவனே கர்ணன்தான் என்று பாரதம் படிக்கிற பிரசங்கியார் பிறகு எனக்கு விளக்கினார். கேட்ட பிராமணனுக்கெல்லாம் கொடுத்தவன், நியாயம் ஒன்றே கேட்டு நின்ற பெண்ணுக்குக் கையை மூடிக்கொண்டான்.

ஏன் மூடினான்? அவள் சுயம்வரத்தில் பட்ட அவமானம் ஒரு காரணம். பெரிய காரணம், பக்கத்தில் உட்கார்ந்திருந்த துரியோதனன். நீ யார் பிள்ளை என்று அரங்கத்தில் கேட்டு எல்லாரும் சிரித்தபோது, எழுந்து வந்து அங்க தேசத்தைக் கொடுத்தவன் அவன் ஒருவன்தான். அந்தச் சோற்றுக்கு இவன் தன்னையே கொடுத்துவிட்டான். தன்னைக் கொடுத்தவன் பிறகு நியாயத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ள முடியவில்லை. தம்பி, நான் 38 வருஷம் ஆடிக் கண்டது இதுதான்: கர்ணனை உயர்த்திய குணமும் கர்ணனைக் கெடுத்த குணமும் ஒரே கையில் இருக்கின்றன. நல்ல குணத்தை ஒரு காட்சியிலும் கெட்டதை ஒரு காட்சியிலும் பிரித்து ஆடினால் இரண்டு ஆள் வந்து போனது போலிருக்கும். நண்பனுக்காகத் திறந்த கைதான் துகில் அன்று மூடியது என்பது சனத்துக்குத் தெரிய வேண்டும்.

ஒருமுறை கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் எங்கள் கொட்டகைக்கு வந்து விடிய உட்கார்ந்திருந்தார். கிரேக்க நாட்டில் ஈடிபஸ் என்கிற ராஜாவின் கதையைச் சொன்னார். ஊரைப் பிடித்த கொள்ளைநோய் தீர, பழைய கொலைகாரனைத் தேடுகிறான். விடாமல் தேடித் தேடி, அது தானே என்று கண்டுபிடிக்கிறான். தேடாமல் விட்டிருந்தால் பிழைத்திருப்பான். விடாமல் தேடுவதுதான் அவன் ராஜகுணம். அரிஸ்டாட்டில் என்கிற ஞானி இப்படிப்பட்ட நாயகர்களின் பிழைக்கு ஒரு சொல் வைத்திருக்கிறார், அந்தச் சொல்லுக்கு வில்வித்தையில் குறி தப்புவது என்கிற பொருளும் உண்டு என்றார். மற்றதெல்லாம் என் தலையில் நிற்கவில்லை. குறி தப்புவது என்பது மட்டும் அப்படியே பிடித்துக்கொண்டது. வில் பிடிக்கிற வேஷக்காரனுக்கு அது புரியும்.

கர்ணன் நாகாஸ்திரத்தைத் தொடுத்துக் கழுத்துக்குக் குறி வைக்கிறான். சல்லியன் குறியை மாற்றச் சொல்கிறான். வைத்த குறியை மாற்ற மாட்டேன் என்கிறான் இவன். கிருஷ்ணன் தேரை அழுத்த, அம்பு கிரீடத்தைத் தட்டிக்கொண்டு போகிறது. திரும்பவும் விடு என்கிறது நாகம். தாய்க்குக் கொடுத்த வாக்கு, விட மாட்டேன் என்கிறான். சொன்ன சொல்லை மாற்றாத குணம் இரண்டு நொடியில் இரண்டு முறை அவனைக் கொல்கிறது. இந்த இடத்தில் இளவட்டங்கள் எல்லாரும் செய்கிற தவறு, குறி தப்பியதும் முகத்தில் ஏமாற்றம் காட்டுவது. காட்டாதே. சல்லியனிடம் சொல்லும் பதிலில் ஒரு கம்பீரம் இருக்கட்டும். முகவீணைக்காரர் அங்கே நிறுத்துவார். அந்த இடைவெளியில் ஒரு மூச்சு மட்டும் விடு. மீதியைச் சனம் பார்த்துக்கொள்ளும்.

பிறகு சக்கரம். நம்மிடம் தேரும் இல்லை, சக்கரமும் இல்லை. பெஞ்சிலிருந்து இறங்கியதும் தரை சேறு என்று எல்லாரும் நம்ப வேண்டும். முதலில் நான் கையை மட்டும் வளைத்துத் தூக்கிக்கொண்டிருந்தேன். வாத்தியார் ஒருநாள் விடியற்காலை கழனிக்கு வரச் சொன்னார். எரு ஏற்றிய கட்டைவண்டி வாய்க்கால் ஓரம் அச்சு வரைக்கும் இறங்கியிருந்தது. "தூக்கு" என்றார். தூக்கினேன். கையில் ஒன்றும் நடக்கவில்லை. கால் சேற்றில் இறங்கியது, தொடை நடுங்கியது, பிடரி இறுகியது, மூச்சு வயிற்றில் நின்றது. வண்டி அசையவே இல்லை. "எங்க வலிக்குது, அங்க ஆடு" என்று சொல்லிவிட்டு மாட்டைப் பூட்டப் போனார். அன்று முதல் சக்கரக் காட்சியில் என் கை அதிகம் அசைந்ததில்லை. நீயும் ஒரு வண்டிச் சக்கரத்தைத் தேடிப் போ. இப்போது டிராக்டர் காலம். அது புதைந்தாலும் பாடம் அதே பாடம்தான்.

கடைசிக் கொடை எல்லாவற்றிலும் கடினம். பிராமண வேஷத்தில் கிருஷ்ணன் வந்து புண்ணியத்தை யாசிக்கிறான். தாரை வார்க்கத் தண்ணீர் இல்லை. காயத்து இரத்தத்தை வார்த்துக் கொடுக்கிறான். குங்குமத் தண்ணீரில் நனைத்த பஞ்சை மார்புப் பதக்கத்தின் அடியில் வைத்துக்கொள். நிறைய நனைத்தால் முன்னமே ஒழுகிக் காட்சியைக் கெடுக்கும். அதைவிட முக்கியம், திண்ணையில் பழகிய அந்தக் கை இங்கே வர வேண்டும். அதே வேகம், அதே விரிப்பு. திரும்பி வரும்போது மட்டும் அது முழுதும் திரும்பாமல் பாதியில் தரையில் இறங்கட்டும். தன்னைக் கொன்ற குணத்தைச் சாகும்போதும் அவன் விடவில்லை என்பதைச் சொல்ல நமக்கு வேறு வசனம் தேவையில்லை.

எங்கள் பக்கத்தில் கருமாதி வீட்டிலும் கர்ண மோட்சம் வைப்பார்கள் என்பது உனக்குத் தெரியும். அங்கே ஆடுவது திருவிழாவில் ஆடுவது போல இல்லை. குந்தி வந்து மகன் தலையை மடியில் எடுத்துப் புலம்பும்போது, செத்தவரின் வீட்டுப் பெண்கள் எழுந்து வந்து களத்திலேயே உட்கார்ந்து அழுவார்கள். ஒரு வீட்டில் ஒரு தாய், என் தலையைக் குந்திவேஷக்காரர் மடியிலிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் பிள்ளைக்குத்தான் கருமாதி. நான் கண்ணை மூடிப் பிணமாகக் கிடந்தேன். முகத்தில் கண்ணீர் விழுந்து அரிதாரம் கரைந்தது. அசையவில்லை. வண்டு கடித்த கதை அப்போது நினைவுக்கு வந்தது. அந்தக் காட்சியில் கர்ணனுக்கு வேலை ஒன்றுதான்: மூச்சைக் குறைத்து, மற்றவர்கள் அழுவதற்கு இடம் கொடுத்துக் கிடப்பது. அதுவும் கொடைதான்.

துரியோதனனும் ஆடியிருக்கிறேன். பதினெட்டாம் போர் அன்று மண்ணால் படுக்கவைத்த அந்தப் பெரிய உருவத்தைச் சுற்றி ஓடி, தொடையில் அடிபட்டு விழுந்திருக்கிறேன். அவன் கொடுக்க மறுத்தே கெட்டான். ஊசிமுனை நிலம்கூடத் தர மாட்டேன் என்றவன். இவன் கொடுத்துக் கெட்டான். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் தோளோடு தோள் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தச் சினேகத்தை நீ நேசித்து ஆடு. அதைக் கெட்ட சகவாசம் என்று முன்னாலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டால் கர்ணன் உனக்குக் கிடைக்க மாட்டான்.

எதனால் சாகிறான் என்று கேட்டாய். தன் கையால் சாகிறான். கொடுத்த கையாலும் ஒருநாள் கொடுக்காமல் மூடிய கையாலும். மற்றவர்கள் வந்து கேட்டார்கள், சபித்தார்கள், அம்பு விட்டார்கள். வழி திறந்தது இவன்.

பங்குனியில் முதல் ஊர். வரிசையில் துகில் முன்னால் வருகிறது, கர்ண மோட்சம் பின்னால். துகில் அன்று உனக்கு நாலே வரி. தொண்டையைச் சேமிக்காதே. அந்த நாலு வரியை முதலில் பாடம் பண்ணு.